கரும்பச்சைப் பயிரும் குலை நோயும்

பட்டான்செரு, ஹைதராபாத்துக்குப் பக்கத்தில் உள்ள ஊர். இங்கே தொழிற்சாலைகள் நிறைய உண்டு. வேலை தேடித் தமிழ்நாட்டிலிருந்து வந்த குடும்பங்களும் உண்டு. எங்கள் படிப்பு வட்டத்துக்கு அப்படி வந்த ஒரு அக்கா தினமும் வருவார். அவருக்குத் தஞ்சாவூர் பக்கம் இரண்டு ஏக்கர் நிலம் இருக்கிறது. அவருடைய தம்பி அதில் சம்பா சாகுபடி செய்கிறார்.

ஒரு மார்கழி மாலை. அக்கா செல்போனைக் கையில் பிடித்தபடி வந்தார். முகம் வாடியிருந்தது.

"என்ன அக்கா, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டேன்.

"உடம்புக்கு ஒண்ணுமில்ல டீச்சர். ஊருலேருந்து தம்பி பேசுனான். பத்து நாள் முன்னாடி பயிரு கரும்பச்சையா, பார்க்கவே ஆசையா நின்னுச்சாம். இப்ப இலையெல்லாம் புள்ளி விழுந்து தீஞ்ச மாதிரி இருக்காம்."

"தம்பி என்ன செய்தாராம்?"

"சத்துப் பத்தலன்னு நெனச்சு ஏக்கருக்கு இன்னொரு மூட்டை யூரியா வீசுனானாம். அதுக்கப்புறம் இன்னும் கூடிப்போச்சாம். நகையை அடகு வெச்சு நட்ட பயிரு டீச்சர்."

தம்பி அனுப்பிய படத்தைப் பார்த்தோம். பக்கத்தில் இருந்த ஒரு தெலுங்குப் பெரியவரும் எட்டிப் பார்த்தார். பார்த்தவுடன் "அக்கி தெகுலு" என்றார். தெலுங்கில் அக்கி என்றால் நெருப்பு. தெகுலு என்றால் பயிர் நோய். நெருப்பு நோய்! தமிழில் இதைத்தான் குலை நோய் என்கிறோம்.

நன்றாகச் செழித்த பயிருக்கு ஏன் நோய் வந்தது? சத்துப் போட்ட பிறகு ஏன் நோய் கூடியது? அக்காவுக்கு வந்த சந்தேகம் பலருக்கும் வரும். அதைப் பற்றித்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

குலை நோய் என்றால் என்ன?

ஊறுகாய் ஜாடியில் பூசணம் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஈரமான ரொட்டியிலும் பூசணம் பிடிக்கும். அதே இனத்தைச் சேர்ந்த மிகச் சிறிய உயிர்கள்தான் குலை நோயை உண்டாக்குகின்றன. இவற்றைப் பூஞ்சாணம் என்கிறோம்.

குலை நோயை அடையாளம் காண்பது எளிது. முதலில் இலையில் சிறு புள்ளி விழும். பிறகு அது நீளும். நடுவில் அகலமாகவும், இரண்டு பக்கமும் கூராகவும் இருக்கும். பார்ப்பதற்குக் கண் போல இருக்கும். நடுப்பகுதி சாம்பல் நிறம். ஓரம் பழுப்பு நிறம். புள்ளிகள் ஒன்றோடு ஒன்று சேர்ந்தால் இலை முழுவதும் காய்ந்துவிடும். தூரத்திலிருந்து பார்த்தால் வயல் எரிந்தது போலத் தெரியும்.

இதைவிட மோசமானது கழுத்துக் குலை நோய். கதிரின் அடியில் உள்ள கழுத்துப் பகுதி கறுத்துவிடும். மேலே சத்து ஏறாது. கதிர் ஒடிந்து தொங்கும். மணி பதராகும்.

இது புதிய நோய் அல்ல. 1919-இல் தஞ்சாவூர் டெல்டாவில் இந்த நோய் மிகக் கடுமையாகத் தாக்கியது. அந்தக் காலத்தில் நம் உழவர்களிடம் யூரியா மூட்டை கிடையாது. ஆகவே ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ள வேண்டும். யூரியா குலை நோயை உண்டாக்குவதில்லை. நோயை உண்டாக்குவது பூஞ்சாணம். ஆனால் அளவுக்கு மீறிய யூரியா, அந்தப் பூஞ்சாணத்துக்குக் கதவைத் திறந்து விடுகிறது.

பூஞ்சாணம் எப்படி உள்ளே நுழைகிறது?

பூஞ்சாணத்தின் விதை போன்ற துகள்கள் காற்றில் பறந்து வரும். இவற்றை வித்துகள் என்று சொல்வார்கள். கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. வித்து இலையில் வந்து ஒட்டும். இலை ஈரமாக இருந்தால் முளைக்கும். பகல் வெயிலில் இலை காய்ந்துவிடும். இரவில் பனி பெய்து, இலை மணிக்கணக்கில் நனைந்திருந்தால் வித்துக்குக் கொண்டாட்டம். அதனால்தான் பனிக் காலத்திலும், மேகமூட்டமும் தூறலும் உள்ள நாட்களிலும் குலை நோய் கூடுகிறது.

முளைத்த வித்து, பந்து போன்ற ஒரு சிறு உறுப்பை உண்டாக்கும். அந்தப் பந்துக்குள் அழுத்தம் ஏறும். எவ்வளவு அழுத்தம் தெரியுமா? கார் டயருக்குள் இருக்கும் அழுத்தத்தைப் போல் சுமார் 40 மடங்கு! அந்த அழுத்தத்தில் ஓர் ஊசி போன்ற முனை இலையைக் குத்தித் துளைக்கும். பூஞ்சாணம் உள்ளே போய் இலையின் சாற்றைத் தின்று வளரும். சில நாட்களில் புள்ளி தெரியும். ஒவ்வொரு புள்ளியிலிருந்தும் ஆயிரக்கணக்கான புதிய வித்துகள் கிளம்பி அடுத்த பயிருக்குப் போகும்.

ஆகவே இலையின் தோல் கெட்டியாக இருக்க வேண்டும். இலை சீக்கிரம் காய வேண்டும். இலைச் சாறு பூஞ்சாணத்துக்கு விருந்தாக இருக்கக் கூடாது. இந்த மூன்றையும் தீர்மானிப்பதில் நாம் போடும் உரத்துக்குப் பெரிய பங்கு உண்டு.

யூரியா கூடினால் என்ன ஆகும்?

பயிருக்கு முக்கியமாக மூன்று சத்துகள் வேண்டும். அவை தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து. யூரியாவில் இருப்பது தழைச்சத்து மட்டும்தான். தழைச்சத்து இலையை வளர்க்கும். பயிரைப் பச்சையாக்கும். தூர் கட்ட உதவும். அது இல்லாமல் நெல் விளையாது.

ஆனால் அளவு மீறினால் மூன்று கெடுதல்கள் வரும்.

முதலாவது, இலை வேகமாக வளரும். தோல் மென்மையாக இருக்கும். பூஞ்சாணம் எளிதில் துளைக்கும்.

இரண்டாவது, பயிர் அடர்ந்துவிடும். உள்ளே காற்றும் வெயிலும் போகாது. காலையில் பனி காய நேரமாகும்.

மூன்றாவது, இலைச் சாற்றில் தழைச்சத்து மிகுதியாகச் சேர்ந்திருக்கும். பூஞ்சாணத்துக்கும் அது நல்ல சாப்பாடு.

அக்காவின் தம்பி பயிருக்குச் சோறு போட்டதாக நினைத்தார். அந்தச் சோற்றை நோயும் சேர்ந்து சாப்பிட்டது. அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்று சும்மாவா சொன்னார்கள்?

யூரியா மிகுந்தால் வேறு நோய்களும் வரும். ஒன்று, இலையுறை கருகல் நோய். தண்ணீர் மட்டத்துக்கு அருகே, தண்டைச் சுற்றியுள்ள உறையில் பெரிய பெரிய திட்டுகள் விழும். பிறகு மேலே ஏறும். நெருக்கி நட்டு, யூரியாவும் அதிகம் போட்ட வயலில் இது வேகமாகப் பரவும். இன்னொன்று, நெற்பழ நோய். நெல் மணி இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாகவோ பச்சையாகவோ உருண்டை வரும். தொட்டால் பொடி ஒட்டும். இதை லட்சுமி நோய் என்றும் சொல்வார்கள். இது வந்தால் விளைச்சல் பெருகும் என்று பழைய நம்பிக்கை. இதுவும் பூஞ்சாண நோய்தான். உருண்டை வந்த இடத்தில் நெல் இருக்காது.

சத்துக் குறைந்தாலும் நோய் வரும்

"அப்படியானால் யூரியாவே போட வேண்டாமா டீச்சர்?" என்று அக்கா கேட்டார்.

அதுவும் தவறு. பயிரைப் பட்டினி போட்டால் வேறொரு நோய் வரும். அதன் பெயர் செம்புள்ளி நோய். இலையில் எள் அளவுக்குப் பழுப்புப் புள்ளிகள் நிறைய விழும். நெல் மணியிலும் புள்ளி விழும். மணி சுருங்கும்.

சத்து இல்லாத மண்ணில்தான் இந்த நோய் அதிகம். சாம்பல் சத்துக் குறைந்த மண், தண்ணீர் வற்றிய வயல், தழைச்சத்தே போடாத வயல் இவற்றில் செம்புள்ளி நோய் கூடும். இதை ஏழை மண்ணின் நோய் என்று சொல்லலாம்.

இந்த நோய் செய்த கொடுமை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது. 1942-இல் வங்காளத்தில் நெற்பயிரைச் செம்புள்ளி நோய் தாக்கியது. விளைச்சல் பெரிதும் விழுந்தது. அடுத்த ஆண்டு, 1943-இல், கொடிய பஞ்சம் வந்தது. 20 முதல் 30 லட்சம் பேர் வரை இறந்ததாகக் கணக்கிடுகிறார்கள். பஞ்சத்துக்கு நோய் மட்டும் காரணம் அல்ல. அப்போது உலகப் போர் நடந்தது. புயலும் அடித்தது. அரிசி விலை ஏறியது. பதுக்கல் நடந்தது. அன்றைய ஆங்கில அரசு மக்களைக் காக்கத் தவறியது. இத்தனைக்கும் நடுவில் நோயும் சேர்ந்துகொண்டது. பயிர் நோய் என்பது வயலோடு நிற்கும் விஷயம் அல்ல. அது அடுப்பு வரை வரும்.

அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு, 1946-இல், ஒரிசாவில் கட்டாக் நகரில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கப்பட்டது.

ஆக, தழைச்சத்துக் கூடினால் குலை நோய். சத்துக் குறைந்தால் செம்புள்ளி நோய். இரண்டுக்கும் நடுவில் அளவான பாதை ஒன்று இருக்கிறது. அந்த அளவைக் கண்டுபிடிப்பதுதான் உழவரின் திறமை.

சாம்பல் சத்து என்ன செய்யும்?

நம் பாட்டிமார்கள் அடுப்புச் சாம்பலைத் தோட்டத்துச் செடிகளுக்குப் போடுவார்கள். அதில் இருக்கும் முக்கியமான சத்துதான் சாம்பல் சத்து. கடையில் பொட்டாஷ் என்று கேட்டு வாங்குகிறோம்.

சாம்பல் சத்து தண்டையும் இலையையும் உறுதியாக்கும். பயிர் சாயாமல் நிற்கும். சாம்பல் சத்துப் பற்றாத பயிரில், இலைச் சாற்றில் சர்க்கரையும் தழைச்சத்துப் பொருளும் தேங்கி நிற்கும். பூஞ்சாணத்துக்கு அது கொண்டாட்டம். சாம்பல் சத்துப் போதிய அளவு கிடைத்தால் அவை தேங்காமல் கதிருக்குப் போகும். செம்புள்ளி, இலையுறை கருகல் போன்ற நோய்கள் குறையும்.

ஆனாலும் பலர் பொட்டாஷ் போடுவதில்லை. ஏன்? விலைதான் காரணம். அரசு மானியத்தால் 45 கிலோ யூரியா மூட்டை 270 ரூபாய்க்குள் கிடைக்கிறது. பொட்டாஷ் வெளிநாட்டிலிருந்து வருகிறது. ஒரு மூட்டை அதைப்போலப் பல மடங்கு விலை. யூரியா போட்டால் நான்கு நாளில் பயிர் பச்சையாகும். பொட்டாஷ் போட்டால் கண்ணுக்கு எதுவும் தெரியாது. கையில் காசு குறைவு. அதனால் யூரியாவையே வாங்குகிறோம். இது உழவரின் குற்றம் அல்ல. ஆனால் இதன் விலையை வயல் கொடுக்கிறது.

இன்னொரு விஷயம். நெற்பயிர் எடுத்த சாம்பல் சத்தில் பெரும்பகுதி நெல்லில் இல்லை, வைக்கோலில் இருக்கிறது. வைக்கோல் முழுவதையும் கட்டிக் கட்டி விற்றால், அந்தச் சத்தும் லாரி ஏறிப் போய்விடும். மாட்டுக்குப் போட்டு, சாணத்தை மக்க வைத்து வயலில் சேர்த்தால் சத்துத் திரும்பி வரும்.

கையை அறுக்கும் இலை

நாற்றுப் பறிக்கும்போதும் களை எடுக்கும்போதும் நெல் இலை கையை அறுத்திருக்கும். ஏன் அறுக்கிறது? இலையில் சிலிக்கா என்ற பொருள் இருக்கிறது. மணலில் இருப்பதும் அதுதான். நெல்லின் வேர் அதை மண்ணிலிருந்து நீரோடு சேர்த்து உறிஞ்சுகிறது. இலைத் தோலுக்கு அடியில் கண்ணாடி போலப் படிய வைக்கிறது. இது பயிர் தானே போட்டுக்கொள்ளும் கவசம். பூஞ்சாணத்தின் ஊசி முனை இதைத் துளைக்கத் திணறும். சிலிக்கா உள்ள இலை விறைப்பாக நிற்கும். வெயிலும் காற்றும் படும். நோயை எதிர்க்கும் பொருள்களைப் பயிர் விரைவாகச் சுரக்கவும் அது உதவுகிறது.

குலை நோய் வந்த பயிரில் சிலிக்கா குறைவாக இருப்பதை ஜப்பானில் 1917-இலேயே எழுதி வைத்தார்கள். இரும்பு ஆலைக் கசடில் சிலிக்கா இருக்கிறது. 1955-இல் அதை ஓர் உரமாகவே ஜப்பான் அரசு ஏற்றுக்கொண்டது.

நமக்குச் சிலிக்கா எங்கே கிடைக்கும்? உமியில் கிடைக்கும். உமியை எரித்தால் ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக நிற்கும். அந்தச் சாம்பலில் பெரும்பகுதி சிலிக்காதான். அரிசி ஆலைகளுக்கு அருகே உமிச்சாம்பல் மலை போலக் குவிந்து கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள்.

உமிச்சாம்பலைப் பயன்படுத்தும்போது சிலவற்றைக் கவனிக்க வேண்டும்.

அதிக வெப்பத்தில் வெளுத்துப்போன சாம்பலைவிட, கறுப்பாக உள்ள சாம்பல் நல்லது. அதில் உள்ள சிலிக்காவைப் பயிர் எளிதாக எடுத்துக்கொள்ளும்.

சாம்பலை அடியுரமாகப் போட்டு மண்ணோடு கலக்க வேண்டும். யூரியாவோடு கலந்து வைக்கக் கூடாது. தழைச்சத்து ஆவியாகிப் போய்விடும்.

சாம்பல் தூசு நெஞ்சுக்குக் கெடுதல். மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள். லேசாக ஈரப்படுத்திக்கொள்ளுங்கள்.

களர் நிலமாக இருந்தால், வேளாண்மை அலுவலரைக் கேட்காமல் சாம்பல் போட வேண்டாம்.

முதல் ஆண்டு வயல் முழுவதும் போட வேண்டாம். நாற்றங்காலிலும் வயலின் ஒரு மூலையிலும் போட்டுப் பாருங்கள். மற்ற இடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

வயலில் தண்ணீர் நின்றால் சிலிக்கா நன்றாகக் கரைந்து வேருக்குக் கிடைக்கும். காய்ந்து வெடித்த வயலில் குலை நோய் கூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முதலில் மண்ணைக் கேளுங்கள்

பட்டான்செருவில் இக்ரிசாட் என்ற உலகப் புகழ் பெற்ற ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1972-இல் தொடங்கியது. சோளம், கம்பு, துவரை, கொண்டைக்கடலை, நிலக்கடலை ஆகிய மானாவாரிப் பயிர்களுக்காக உழைக்கும் நிலையம் அது. கம்புக்கும் குலை நோய் வரும். நெல்லின் குலை நோய்க்குச் சொந்தக்காரப் பூஞ்சாணம்தான் அதற்கும் காரணம். அந்த நோயைத் தாங்கும் கம்பு வகைகளை உருவாக்க இங்கே பாடுபடுகிறார்கள்.

நெல்லுக்கான தேசிய நிலையம் ஹைதராபாத்தின் இன்னொரு பக்கத்தில், ராஜேந்திரநகரில் இருக்கிறது. அங்கேயே வேளாண்மைப் பல்கலைக்கழகமும் இருக்கிறது. நம் ஊரில் ஆந்திரா பொன்னி என்று சொல்லும் பி.பி.டி. 5204 நெல்லை அறிவீர்கள். அது ஆந்திராவில் பாபட்லாவில் உருவானது. சோறு அருமையாக இருக்கும். ஆனால் குலை நோயைத் தாங்காது. அது போலவே சன்னமான, ஆனால் குலை நோயைத் தாங்கும் 'தெலங்கானா சோனா' என்ற நெல்லை ராஜேந்திரநகர் பல்கலைக்கழகம் 2015-இல் வெளியிட்டது. நோய் தாங்கும் விதைதான் முதல் பாதுகாப்பு. உங்கள் பகுதிக்கு ஏற்ற, நோய் தாங்கும் வகை எது என்று விதைப்பதற்கு முன்பே கேளுங்கள்.

இரண்டாவது பாதுகாப்பு, மண் பரிசோதனை. கர்நாடக அரசு 2009-இல் 'பூச்சேதனா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதற்கு வழிகாட்டியது பட்டான்செரு இக்ரிசாட் நிலையம். முதல் வேலையாக உழவர்களின் வயல் மண்ணை எடுத்துப் பரிசோதித்தார்கள். பல வயல்களில் கந்தகம், துத்தநாகம், போரான் ஆகிய சத்துகள் குறைவாக இருந்தன. உழவர்கள் காலம் காலமாக வேறு உரங்களைப் போட்டு வந்தார்கள். மண்ணுக்குப் பசித்தது ஒன்று, நாம் போட்டது வேறொன்று. எது குறைவோ அதைப் போட்ட பிறகு விளைச்சல் உயர்ந்தது.

நெல் வயலுக்கும் இதுதான் பாடம். சில மண்ணில் சாம்பல் சத்து ஏற்கெனவே நிறைய இருக்கும். சில மண்ணில் வற்றிப் போயிருக்கும். பார்த்தால் தெரியாது. பரிசோதித்தால்தான் தெரியும்.

மண் எடுப்பது எளிது. அறுவடை முடிந்து, உரம் போடுவதற்கு முன்பு எடுக்க வேண்டும். வயலில் 10 அல்லது 15 இடங்களைத் தேர்ந்தெடுங்கள். வரப்போரம், மர நிழல், எருக்குவியல் இருந்த இடம் இவற்றை விட்டுவிடுங்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு சாண் ஆழத்துக்குச் சற்றுக் குறைவாக, 15 சென்டிமீட்டர், 'வி' எழுத்து வடிவில் குழி வெட்டுங்கள். குழியின் பக்கத்திலிருந்து மேலிருந்து கீழாக மண்ணைச் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து நிழலில் உலர்த்துங்கள். அரைக் கிலோ மண்ணைத் துணிப்பையில் போட்டு, பெயர், ஊர், புல எண் எழுதிக் கொடுங்கள்.

2015 முதல் மண்வள அட்டை என்ற அட்டையை அரசு வழங்குகிறது. அதில் 12 விவரங்கள் இருக்கும். தழை, மணி, சாம்பல் ஆகிய சத்துகள் எவ்வளவு என்று எழுதியிருக்கும். அந்த அட்டையை மடித்துப் பெட்டியில் வைத்துவிடாதீர்கள். உங்களுக்குப் படிக்கத் தெரியும். படியுங்கள்.

மூட்டையில் எழுதியதைப் படியுங்கள்

உர மூட்டையிலும் எண்கள் எழுதியிருக்கும். யூரியா மூட்டையில் 46 என்று இருக்கும். அதாவது 100 கிலோ யூரியாவில் 46 கிலோ தழைச்சத்து. பொட்டாஷ் மூட்டையில் 60 என்று இருக்கும். 100 கிலோவில் 60 கிலோ சாம்பல் சத்து. டி.ஏ.பி. மூட்டையில் 18-46 என்று இருக்கும். 100 கிலோவில் 18 கிலோ தழைச்சத்து, 46 கிலோ மணிச்சத்து.

மண் பரிசோதனை செய்யாதபோது, தமிழ்நாட்டில் நடவு நெல்லுக்குப் பொதுவாகச் சொல்லும் அளவு இது. ஒரு ஏக்கருக்குத் தழைச்சத்து 60 கிலோ, மணிச்சத்து 20 கிலோ, சாம்பல் சத்து 20 கிலோ.

இதைக் கணக்குப் போட்டால் டி.ஏ.பி. 43 கிலோ, யூரியா சுமார் 113 கிலோ, பொட்டாஷ் 33 கிலோ வரும். யூரியா 113 கிலோ என்றால் இரண்டரை மூட்டை.

அக்காவின் தம்பி என்ன போட்டார் என்று கேட்டோம். ஏக்கருக்கு ஒரு மூட்டை டி.ஏ.பி., மூன்று மூட்டை யூரியா. பிறகு இன்னொரு மூட்டை யூரியா. பொட்டாஷ் போடவே இல்லை. அக்கா நோட்டில் கணக்குப் போட்டார். நான்கு மூட்டை யூரியாவில் சுமார் 83 கிலோ தழைச்சத்து. டி.ஏ.பி.யில் 9 கிலோ. மொத்தம் 92 கிலோ. வேண்டியது 60 கிலோ. அதைவிடப் பாதி அதிகம்! சாம்பல் சத்துக்கு எதிரே அக்கா சுழியம் போட்டார்.

அளவு மட்டும் போதாது. போடும் நேரமும் முக்கியம். யூரியாவையும் பொட்டாஷையும் நான்காகப் பிரித்துப் போட வேண்டும். முதல் பங்கு நடவின்போது. இரண்டாவது தூர் கட்டும்போது. மூன்றாவது கதிர் உருவாகும்போது. நான்காவது கதிர் வெளிவரும்போது. ஒரே நேரத்தில் கொட்டினால் பயிர் எடுத்தது போக மிச்சம் வீணாகும். இலையும் திடீரென்று கொழுக்கும்.

இலையிடம் கேட்க ஓர் அட்டை

யூரியா தேவையா, இல்லையா என்பதை இலையின் நிறமே சொல்லும். அதற்கு இலை வண்ண அட்டை என்று ஒன்று உண்டு. வெளிர் பச்சை முதல் கரும்பச்சை வரை கட்டங்கள் இருக்கும். கட்டங்களுக்கு எண் உண்டு.

நட்ட 14-ஆம் நாளிலிருந்து, 7 முதல் 10 நாட்களுக்கு ஒரு முறை பாருங்கள். காலை 8 மணியிலிருந்து 10 மணிக்குள் பாருங்கள். நோய் இல்லாத 10 பயிர்களில், முழுதாக விரிந்த மேல் இலையை அட்டையில் வைத்து ஒப்பிடுங்கள். வெயில் படாமல் உங்கள் நிழலில் வைத்துப் பாருங்கள். வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற பல வகைகளுக்கு 4 என்பது அளவு. பத்தில் ஆறு இலைகளாவது அந்த எண்ணைவிட வெளிறி இருந்தால் மட்டும் யூரியா போடுங்கள். ஏக்கருக்கு 26 கிலோ போதும். அட்டையைப் பார்த்துப் போடுகிறவர்கள் நான்கு பங்குக் கணக்கை விட்டுவிட்டு, அட்டை சொல்வதைப் பின்பற்ற வேண்டும்.

தம்பி அன்று அந்த அட்டையை வைத்துப் பார்த்திருந்தால், யூரியா வேண்டாம் என்று இலையே சொல்லியிருக்கும்.

நோய் வந்துவிட்டால்?

சத்து, நோயைத் தடுக்க உதவும். வந்த நோயைத் தீர்க்கும் மருந்து அல்ல. இதை மறக்கக் கூடாது. கண் போன்ற புள்ளிகள் தெரிந்தவுடன் மூன்று காரியங்கள் செய்யுங்கள்.

1. யூரியா போடுவதை உடனே நிறுத்துங்கள்.

2. வயலைக் காய விடாதீர்கள்.

3. நோய் வந்த இலைகளைப் பறித்துக்கொண்டு வேளாண்மை அலுவலரிடம் போங்கள். மருந்து தேவையா, எந்த மருந்து, எவ்வளவு என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கடைக்காரர் கொடுப்பதை அப்படியே வாங்கித் தெளிக்க வேண்டாம்.

கதிர் வரும் நேரத்தில் பனியும் மேகமும் இருந்தால் தினமும் வயலைப் பாருங்கள். கழுத்தில் நோய் இறங்கிய பிறகு எதுவும் பலிக்காது. நோய் வந்த வயலின் விதையை அடுத்த ஆண்டுக்கு எடுக்காதீர்கள். அந்த வைக்கோலை நன்றாக மக்க வைக்காமல் வயலில் போடாதீர்கள். பூஞ்சாணம் அதில் உயிரோடு இருக்கும்.

அக்கா படித்த அட்டை

அந்த ஆண்டு அக்காவின் வயலில் ஒரு பகுதி பதராகிவிட்டது. நகையை மீட்க முடியவில்லை. அறுவடை முடிந்ததும் தம்பி மண்ணை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுத்தார். அட்டை வந்தது. அதைப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினார்.

படிப்பு வட்டத்தில் எல்லோரும் கூடினோம். நான் படிக்க வாயெடுத்தேன். "இருங்க டீச்சர், நானே படிக்கிறேன்" என்றார் அக்கா. விரலை வைத்து மெதுவாகப் படித்தார். "சாம்பல் சத்து... குறைவு."

உடனே தம்பிக்குப் போன் செய்தார். "டேய், இந்தத் தடவை யூரியா மூட்டைய நான் சொல்ற கணக்குலதான் வாங்கணும். பொட்டாஷ் ரசீதையும் எனக்கு அனுப்பு" என்றார்.

நினைவில் வையுங்கள்

கரும்பச்சையாக இருப்பதெல்லாம் நல்ல பயிர் அல்ல.

தழைச்சத்துக் கூடினால் குலை நோய். சத்துக் குறைந்தால் செம்புள்ளி நோய்.

சாம்பல் சத்தும் சிலிக்காவும் பயிருக்குக் கவசம்.

மண்ணைப் பரிசோதித்து உரம் போடுங்கள். யூரியாவைப் பிரித்துப் போடுங்கள்.

கணக்குப் போடுங்கள்

1. ஒரு யூரியா மூட்டை 45 கிலோ. மூன்று மூட்டையில் எத்தனை கிலோ தழைச்சத்து இருக்கும்?

2. ஏக்கருக்கு 33 கிலோ பொட்டாஷ் என்றால், உங்கள் நிலத்துக்கு எவ்வளவு வேண்டும்?

3. போன பட்டத்தில் நீங்கள் போட்ட உரங்களை எழுதுங்கள். தழை, மணி, சாம்பல் என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். எது கூடியது? எது குறைந்தது? பக்கத்து வயல்காரரோடு பேசிப் பாருங்கள்.